தெளிந்த பக்கம்

சிற்றாறு வந்து தாமிரபரணியில் விழும் இடத்துக்குச் சற்றுக் கிழக்கே, வடகரையில், மருதங்கரை என்றொரு சிற்றூர் இருந்தது. அங்கே தோணி தள்ளிப் பிழைத்தவர் ஐயம்பெருமாள். ஆற்றிலேயே பிழைப்பவருக்கு ஆற்றைக் கண்டால் பயம் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். அவரும் யாரிடமும் சொன்னதில்லை. அவர் பெண்டாட்டி ஆவுடையம்மாளுக்கு மட்டும் தெரியும். கரையேறி வீட்டுக்கு வந்தால் உடனே சாப்பிட உட்காரமாட்டார். சுவரில் சாய்ந்து, மூச்சு ஒரு நிலைக்கு வரும்வரை பேசாமல் இருப்பார். அவள் கண்டும் காணாததுபோலப் புளியைக் கரைத்துக்கொண்டே, "ஆத்துக்காரி இன்னைக்கு என்ன சொன்னா?" என்பாள்.

"என்ன சொல்லுவா. அப்படியேதான் கெடக்கா."

"அவகிட்ட நல்லா நடந்துக்கிடுங்க. எனக்குன்னு இருக்கிற சக்களத்தி அவ ஒருத்திதான்."

அவர் சிரித்துவிடுவார். சிரித்தபிறகுதான் சோறு இறங்கும். பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்காத வீடு அது. அவளுக்கு அவர், அவருக்கு அவள் என்று ஆகிப்போயிருந்தது. தோணியில் நிற்கும்போது அவர் நினைப்பதெல்லாம், தான் போய்விட்டால் இவள் யாரைக் கேலி செய்துகொண்டு உயிரோடிருப்பாள் என்பதுதான். அவள் போய்விடக்கூடும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அவருடைய பயமெல்லாம் ஆற்று நடுவில் விழும் ஒரு கோட்டின்மேல்.

ஐப்பசியில் வடக்கே மழை விழுந்தால் சிற்றாறு செங்கல்லை இடித்துக் கரைத்ததுபோல வரும். மேற்கு மலையில் இன்னும் மழை பிடிக்காத நாட்களில் தாமிரபரணி அடிமணல் தெரியக் கிடக்கும். இரண்டும் கூடுகிற இடத்தில் கூடாது. வடகரையோரம் சிவப்பு, தென்கரையோரம் தெளிவு. ஒரே பாயில் முகம் திருப்பிப் படுத்த இரண்டு பேரைப்போல ஊரைக் கடந்து போகும். நடுவில் நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. அதன்மேல் நுரையும் சருகும் வரிசையாக நகரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் ஒரு வேகத்தில் ஓடும், அந்தப் பக்கம் வேறொரு வேகத்தில். தோணியின் முன்பாதி தெளிவிலும் பின்பாதி சிவப்பிலும் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் பலகை நடுங்கும். யாரோ கீழேயிருந்து இரண்டு கையாலும் பிடித்து முறுக்குகிற மாதிரி இருக்கும். சுமந்து வந்த மண்ணை ஆறு அங்கேதான் இறக்கி வைக்கும், அங்கேயே மறுபடி வாரிக்கொள்ளும். நேற்றுக் கழி முட்டிய இடத்தில் இன்று முட்டாது. கழி பிடிபடாமல் கைப்பிடிவரை இறங்கிக்கொண்டே போகும்.

கிழக்கே ஆறு திரும்புகிற இடத்தில்தான் சிவப்பு மெதுவாகத் தெளிவுக்குள் நுழையும். தண்ணீருக்கடியில் யாரோ சுருட்டுப் புகை விடுகிற மாதிரி, கொத்துக்கொத்தாக. திருப்பம் தாண்டினால் கோடு கிடையாது. எல்லாம் ஒரே பழுப்பு.

ஊரில் மேலத்தெருக்காரர்கள் நிலபுலம் உள்ளவர்கள். சிவப்புத் தண்ணீர் குடலுக்கு ஆகாது என்பது அவர்கள் முடிவு. அதனால் சிற்றாறு சிவந்த நாளெல்லாம் ஐயம்பெருமாள் காலையிலும் மாலையிலும் கோட்டைத் தாண்டிப் போய்த் தெளிதண்ணீர் கோரிக் குடங்களில் கொண்டுவருவார். படித்துறையில் குடங்கள் வரிசையாகக் காத்திருக்கும். ஒரு குடத்தில்கூடச் செம்மண் வாடை இருக்காது. அது அவருக்குப் பெருமை. முதற்குடம் மட்டும் அவர் வீட்டுக்கு. அது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட வழக்கம்.

1913ஆம் வருஷத்து ஐப்பசியில் மேற்கே வாந்திபேதி என்று செய்தி வந்தது. யாரும் பெயரைச் சொல்லவில்லை. "மேக்க அது வந்திருக்காம்" என்றார்கள். கேட்டவர்கள் எது என்று திருப்பிக் கேட்கவில்லை. சந்தைக்குப் போனவர்கள் பாதிவழியில் திரும்பினார்கள். தென்னந்தோப்பில் காற்று அடித்தால்கூடப் பேச்சை நிறுத்திக் காதைக் கொடுத்தார்கள்.

பிறகு சர்க்கார் ஆள் ஒருவர் வந்து மேலத்தெருக் கிணற்றில் மருந்தைக் கொட்டிவிட்டுப் போனார். இறைத்த தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. நல்லதுக்குத்தான் போட்டது, நிறம் பையப் போய்விடும் என்று அவர் சொன்னாராம். யார் கேட்டார்கள்? கிணற்றடியில் கூடிய கூட்டத்தில் வைத்தியலிங்கம் என்கிற மளிகைக்கடைக்காரர் வாளியைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏலே, இது தண்ணியாலே? சாயப்பட்டறையில துணி முக்குதது மாதிரில்லா இருக்கு."

"குடிச்சா நோவு வராதாம் அண்ணாச்சி."

"ஆமா, செத்தவனுக்கு நோவு எப்படி வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை படித்துறையில் குடங்களின் வரிசை இரட்டிப்பாக நீண்டிருந்தது. கறந்த பால்போல நம்பக்கூடியது ஊரில் இனி ஒன்றுதான், ஐயம்பெருமாளின் தண்ணீர்.

அதற்குப் பிந்திய ஒரு காலையில்தான் அவர் அந்தப் பாயைப் பார்த்தார்.

கோட்டை அப்போதுதான் தாண்டியிருந்தார். மேற்கேயிருந்து, தெளிந்த பக்கத்தில், சுருட்டிக் கயிற்றால் கட்டிய கோரைப்பாய் ஒன்று மிதந்து வந்தது. கோட்டில் வந்து முட்டியது. தாண்டவில்லை. ஒருதரம் புரண்டு, கோட்டை ஒட்டியே, கதவைத் தட்டிக்கொண்டு போகிறவனைப்போல இடித்து இடித்துக் கிழக்கே நகர்ந்தது. அதன் பின்னால் ஒரு தலையணை. அதன் பின்னால் ஒரு சின்னத் தலையணை.

அந்த நோவில் போனவர்களின் படுக்கையை ஆற்றில் விடுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கந்தான். மருதங்கரையிலும் அப்படித்தான் செய்வார்கள். அதனால் அவை என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சின்னத் தலையணையில் கிளிப்பச்சையில் ஏதோ பூத்தையல். அதை அவர் பார்க்காமலிருக்க முயன்றார். கழியால் தோணியை ஒதுக்கி, இன்னும் மேற்கே ஏறிப் போனார். பாய் கடந்து போய்விட்டது. அதற்கு மேலே இருக்கிற தண்ணீரில் பாய் படவில்லை. அங்கே குனிந்து பார்த்தார். அடிமணலில் கெண்டைக்குஞ்சின் நிழல்கூடத் தெரிந்தது. இதைவிடச் சுத்தம் எங்கே இருக்கிறது? குடங்களை முக்கி நிரப்பினார்.

ஊரில் சொல்லவில்லை. சொன்னால் எதைக் குடிப்பார்கள்? கிணறும் போயிற்று. மிச்சமிருந்த ஒரு தைரியத்தையும் தான் பறிக்கவேண்டாம் என்று எண்ணிக்கொண்டார். வீட்டில் முதற்குடத்தை இறக்கி வைத்தபோது ஆவுடையம்மாள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன, இன்னைக்குச் சக்களத்தி கடிச்சிட்டாளா?"

"ஒண்ணுமில்லட்டி."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படிச் சாம்பலாக் கெடக்கு?" என்றவள் சொம்பை முக்கி அவருக்கு ஒன்று கொடுத்துத் தானும் ஒன்று குடித்தாள்.

முதல் சாவு குற்றாலலிங்கம் பிள்ளை வீட்டில். ஊரில் பெரிய வீடு அது. போனது பிள்ளையின் தங்கை. காலையில் கோலம் போட்டவள் மறுநாள் விடிவதைப் பார்க்கவில்லை. பிறகு பக்கத்து வீடு. பிறகு வைத்தியலிங்கத்தின் மகன். மேலத்தெருவில் கதவுகள் பகலிலேயே சாத்திக் கிடந்தன. சாத்திய கதவுக்குள் யாராவது ஓங்கரிக்கும் சத்தம் கேட்டால் தெருவில் போகிறவர்கள் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். தூக்குவதற்கு ஆள் கூடவில்லை.

கீழத்தெருவில் மட்டும் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அங்கே வயல்வேலைக் குடும்பங்கள், பாதிப்பேர் கிறிஸ்தவத்துக்கு மாறிய வேதக்காரர்கள். தேவசிகாமணி என்கிற உபதேசியார் ஒரு ஓலைக் கொட்டகையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவனுகளுக்கு மட்டும் எப்படி வே வராமப் போவும்?" என்றார் வைத்தியலிங்கம். மகனைப் பறிகொடுத்த கண் அது, இமைக்கவே இல்லை. "செய்வினை என்னமோ வச்சுட்டானுவ. சாயங்காலம் கம்போட போயி கேட்டுருவோம்."

சுற்றி நின்றவர்கள் இல்லை என்று சொல்லவில்லை. இவர்கள் போவதற்குள் சொல்லிவிடவேண்டும் என்று ஐயம்பெருமாள் வாய்க்கால் வழியாகக் கீழத்தெருவுக்கு நடந்தார்.

உபதேசியார் கொட்டகை வாசலில் நின்றார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்தது. "நாங்க என்ன செஞ்சோம் அண்ணாச்சி?"

"எனக்குத் தெரியாது. எங்கனயாவது போயிருங்க. பேதியில பிள்ளையைக் குடுத்தவன்கிட்ட ஞாயம் பேச முடியாது."

"சாமி காப்பாத்துச்சுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். பாளையங்கோட்டையில எங்காளுகளும்தான் சாவுதாக."

"அப்பம் என்னதான் திங்கிய, என்ன குடிக்கிய?"

உபதேசியார் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு முள் இருந்தது. "ஒம்ம தோணித் தண்ணி எந்தக் காலத்துல வே இந்தத் தெருவுக்கு வந்துது? படித்துறையில செவசெவன்னு கெடக்குத சித்தாத்துத் தண்ணியத்தான் கோருதோம்."

பக்கத்துக் குடிசை வாசலில் ஒரு பெண் குடத்தின் உட்புறத்தில், கலங்கல் தெளிவதற்காகத் தேத்தாங்கொட்டையை உரசிக்கொண்டிருந்தாள். உரசி முடித்துச் செந்நீரை ஊற்றி மூடினாள். பக்கத்தில் நேற்றைய குடம். மண் முழுவதும் அடியில் சேறாகப் படிந்து, மேலே தெளிந்திருந்தது.

ஐயம்பெருமாள் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பாய் கோட்டைத் தாண்டவில்லை. தலையணை தாண்டவில்லை. சருகுகூடத் தாண்டுவதில்லை. மேற்கே நோவுள்ள ஊர்களையெல்லாம் தொட்டு வருகிற தண்ணீர் எதுவோ அதை அவர் கோட்டைத் தாண்டிப் போய், பயந்து பயந்து, தேடித் தேடிக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார். இந்தத் தெருவுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

முதற்குடம்.

அவர் ஓடினார். உபதேசியார் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழவில்லை.

ஆவுடையம்மாள் வீட்டுக்குப் பின்னால் வேலியோரம் குந்தியிருந்தாள். "காலையிலேருந்து வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். அவர் உள்ளே போய்க் குடத்தைத் தூக்கிவந்து முற்றத்தில் கவிழ்த்தார்.

"ஏன், அதுல பாம்பு கெடந்துதா?" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு முடியவில்லை. குனிந்து ஓங்கரித்தாள். வந்தது வெறும் தண்ணீர்.

அதற்குப்பின் அவள் எழுந்து நடக்கவில்லை. கண் உள்ளே போயிற்று. கைவிரல்கள் நெடுநேரம் துணி துவைத்ததுபோலச் சுருங்கின. கெண்டைக்காலை நரம்பு இழுக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். அவர் கீழத்தெருவுக்கு ஓடி உபதேசியாரிடம் ஒரு குடம் தெளியவைத்த தண்ணீர் வாங்கிவந்து, சொம்பு சொம்பாகக் கொடுத்தார். கொடுத்ததெல்லாம் வெளியே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்ட நின்று, "தண்ணி குடுக்காதிய, குடுத்தா இன்னும் போவும்" என்றாள். அந்தப் பேச்சைக் கேட்டால் இவளைக் கொல்வதுபோல இருந்தது, கேட்காவிட்டாலும் கொல்வதுபோல இருந்தது. ஆவுடையம்மாளோ தண்ணீர், தண்ணீர் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

விடிந்தபோது மேற்கே மலை தெரியவில்லை. ஒரே கருமை. குடம் காலியாகியிருந்தது. அவர் படித்துறைக்கு இறங்கினார்.

அங்கே குடங்கள் வரிசையாக இருந்தன. குற்றாலலிங்கம் பிள்ளையே வந்து நின்றார், வேலையாட்கள் ஓடிப்போயிருந்தார்கள். வைத்தியலிங்கமும் இன்னும் சிலரும் இருந்தார்கள். கையில் கம்பு இருந்தது. முந்தின மாலையில் கீழத்தெருவுக்குப் போக நினைத்தவர்கள் இன்னொரு சாவினால் போகாமலிருந்தார்கள்.

"என்ன வே, நேத்துச் சாயங்காலம் ஆளையே காணும்? வீட்டுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல" என்றார் பிள்ளை.

பேசாமல் போய்விடலாம். இவர்களிடம் சொல்லிவிட்டு அடிபட்டுக் கிடந்தால் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பவர் யார்? ஆனால் குடங்கள் வாயைத் திறந்துகொண்டு அவரையே பார்த்தன.

"ஐயா, அந்தத் தண்ணி வேண்டாம். அதுலதான் இருக்கு."

"எதுல என்ன இருக்கு?"

"பாய் வந்துது ஐயா. தலையணை வந்துது. தெளிஞ்ச பக்கத்துலதான் வந்துது. நான் பாத்தேன்."

பிள்ளையின் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது. "பாத்த பொறகுமா கோரின?"

"மேலால போயித்தான் கோரினேன் ஐயா. பாய்க்கு மேலால."

"பாய் எங்கேருந்துலே வந்துது?"

ஐயம்பெருமாள் மேற்கே திரும்பிப் பார்த்தார். பாய் வந்ததும் மேலேயிருந்துதான்.

வைத்தியலிங்கத்தின் கம்பு அவர் தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கியவர் அடிக்காமல் அப்படியே படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். "எம் பிள்ளைக்கு நானே ஊத்துனேனே" என்று மட்டும் கேட்டது. பிள்ளை குனிந்து தன் குடத்தைத் தாமே எடுத்துக்கொண்டு, எங்கே போவது என்று தெரியாதவரைப்போல நின்றார்.

"ஐயா, கீழத்தெருக்காரங்க குடிக்கிற தண்ணியக் கேட்டு வாங்குங்க" என்றார் ஐயம்பெருமாள். அப்படிச் சொல்லும்போதே அவர் கண் ஆற்றுக்குப் போனது.

கோட்டைக் காணவில்லை.

மலையில் கொட்டிய மழை வந்து சேர்ந்திருந்தது. தாமிரபரணி கலங்கி, மரக்கிளைகளும் வைக்கோலுமாக, கரையிலிருந்து கரைக்கு ஒரே நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எது சிற்றாறு, எது தாமிரபரணி என்று அவராலேயே சொல்ல முடியவில்லை. இத்தனை நாளும் அந்தக் கோட்டைக் கண்டு நடுங்கினவர் இப்போது அது இல்லாததைக் கண்டு நடுங்கினார். கீழத்தெருப் பெண்கள் இரண்டு பேர் குடத்தோடு படியிறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"கோராதிய! இங்கனக் கோராதிய! எல்லாம் ஒண்ணாயிட்டு!" என்று கத்தினார். ஒரு குடத்தைப் பறித்துக்கொண்டு சிற்றாற்றங்கரையோடு மேலே நடந்தார்.

சிற்றாற்றின் வாயில் போய் நின்று தண்ணீரைப் பார்த்தார். நுரை பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பெரிய ஆறு புரண்டு வந்ததில் சின்ன ஆறு முட்டி நின்றுவிட்டது. தாமிரபரணித் தண்ணீர் அதன் வாய்க்குள் ஏறி, வந்தவழியே அதைத் தள்ளிக்கொண்டு போகிறது. அவர் நடந்தார். அவரோடு கூடவே நுரையும் மேலே வந்தது. ஒரு செத்த கோழி வந்தது. ஒரு துணிமூட்டை வந்தது. அது என்ன துணி என்று பார்க்காமல் வேகமாக நடந்தார். சேறு முழங்கால்வரை வாங்கியது. உடைமுள் கிழித்தது. அடிபட்ட தோள் குடத்தைத் தாங்கவில்லை. மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். இதற்குள் அவள் போயிருப்பாளோ என்ற நினைப்பு வரும்போதெல்லாம் இங்கேயே கோரிவிடலாமா என்று குனிந்தார். குனிந்ததும் நுரையைப் பார்த்தார். நுரை இன்னும் கூடவே வந்தது.

ஒரு வளைவில் நுரை நின்றது. ஒரே இடத்தில் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே அவர் நிற்கவில்லை. அதையும் தாண்டிப் போனார். பனைவடலிகள் இருக்கும் மேட்டுக்கு அப்பால், செக்கச்செவேலென்று ஒரு நுரைத்திட்டு எதிரே அவரை நோக்கி இறங்கி வந்தது. இன்னொன்று வந்தது. இன்னொன்று. எல்லாம் கீழ்நோக்கி. அப்போதும் மனம் கேட்காமல் இன்னும் கொஞ்சதூரம் போய், இடுப்பளவு இறங்கி, அந்தச் செந்நீரைக் குடம் நிறையக் கோரினார். திரும்பும்போது கீழத்தெருப் பெண்களும் உபதேசியாரும் குடங்களோடு எதிரே வருவது தெரிந்தது. அவர்களுக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, குற்றாலலிங்கம் பிள்ளை. "வடலிக்கு மேல" என்று மட்டும் அவர்களிடம் சொல்லிவிட்டு ஐயம்பெருமாள் வீட்டுக்கு வந்தார்.

அவள் இருந்தாள். நெஞ்சு ஏறி இறங்குவது தெரியக் குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. அவர் வேறொரு குடத்தில் தேத்தாங்கொட்டையை உரசினார். கை வலிக்க உரசினார். செந்நீரை அதில் ஊற்றி மூடிவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தாங்க" என்றாள். குரல் காற்றாக வந்தது.

"செத்த பொறு. மண்ணு அடங்கட்டும்."

"அது அடங்குததுக்குள்ள நான் அடங்கிருவேன் போலிருக்கு."

"வாயை மூடுட்டி" என்றார். அழுதுகொண்டே சொன்னார். அவள் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. அவள் இன்னும் கேலி செய்கிறாள் என்பதைப் பிடித்துக்கொண்டு அவர் குடத்தையே பார்த்தார். மண் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எதற்கும் அவசரப்படாத மண்.

மேலாக ஒரு சொம்பு கோரி, தலையைத் தூக்கி, சங்கில் பிள்ளைக்குப் புகட்டுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். விட்டுவிட்டு அவள் வயிற்றைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தரம் அவள் முகம் சுளிக்கும்போதும் சட்டியை எடுத்து நீட்டினார். அவள் வேண்டாம் என்று கண்ணை மூடினாள். மறுபடி கொஞ்சம். மறுபடி காத்திருப்பு. பொழுது சாய்கிறவரை ஒன்றும் வெளியே வரவில்லை. கெண்டைக்கால் இழுப்பு எப்போது நின்றது என்று இருவருமே கவனிக்கவில்லை.

"ஏங்க" என்றாள். "இன்னும் ரெண்டு மடக்குத் தாங்க."

அவர் சொம்பை முக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மண் முழுக்க அடங்கிவிட்டது. சொம்பின் அடியில் கீறியிருந்த பெயர்கூடத் தெரிந்தது. அவ்வளவு தெளிவாக இருந்ததே அவருக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தாம் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு அவளுக்குக் கொடுத்தார்.